மரை போன துளைக்கு எஃகுச் சுருள்

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வெளிக்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலவையால் வார்க்கப்படுகிறது. அதில் திருகப்படும் போல்ட்டுகளோ எஃகால் ஆனவை. ஒன்று மென்மையானது, மற்றொன்று கடினமானது என்பதால், அளவுக்கு மீறி முறுக்கும்போது விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அலுமினியமே. எண்ணெய் வடிக்கும் போல்ட், கிளச் மூடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், ஸ்பார்க் பிளக், சைலன்சர் குழாயை எஞ்சினோடு பிணைக்கும் ஸ்டட் ஆகியவை அமரும் துளைகளின் உட்சுவரில் வெட்டப்பட்டுள்ள திருகுவரிக்கு மரை என்று பெயர். அந்த வரி வழிக்கப்பட்டுப்போனால் போல்ட் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இறுகாமல் சுழன்றுகொண்டே இருக்கும். இதைத்தான் பட்டறைகளில் ‘மரை போய்விட்டது’ என்கிறார்கள். ஒரு துளைக்காக எஞ்சின் கூட்டையே மாற்ற வேண்டியிருக்குமோ என்று அஞ்சுவோரும் உண்டு, எதையாவது பூசி அடைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடுவோரும் உண்டு. இரண்டுமே தேவையற்றவை, ஏனெனில் முறையாகச் சீர்செய்யப்பட்ட துளை, ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிட வலுவானதாகவே அமைகிறது. அது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, போல்ட் என்பது உண்மையில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

போல்ட்டை இறுக்கும்போது அதன் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட எஃகு மீண்டும் தன் பழைய நீளத்துக்குச் சுருங்க முயல்வதால் உண்டாகும் இழுவிசையே மூடியை எஞ்சினோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. ஸ்பேனரில் செலுத்தும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி போல்ட்டின் தலைக்கு அடியில் நிகழும் உராய்வில் செலவாகிறது. இன்னொரு 40 விழுக்காடு மரைகளுக்கிடையிலான உராய்வில் போய்விடுகிறது. மீதமுள்ள 10 விழுக்காடுதான் இழுவிசையாக மாறுகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கும் சிறியதன்று. எஞ்சின் மூடிகளில் மிகுதியாகப் பயன்படுவது எம்6 போல்ட், அதாவது 6 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியிடைத் தூரமும் கொண்ட போல்ட். பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாண்டவர்களுக்குப் புரியிடைத் தூரம் நினைவிருக்கும்: ஒரு முழுச் சுற்றில் திருகு முன்னேறும் தொலைவு அது. எம்6 போல்ட்டுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் முறுக்கு 10 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு ஏறத்தாழ இவ்வளவுதான். எண்ணெய் படாத உலர்ந்த மரையில் இந்தச் சிறு முறுக்கு 8,000 நியூட்டனுக்கு மேற்பட்ட இழுவிசையை, அதாவது 800 கிலோவுக்கும் மேலான எடைக்கு ஒப்பான விசையைத் தோற்றுவிக்கிறது.

இந்தச் சுமை, மரையின் ஒவ்வொரு சுற்றாகிய புரிகள் எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மூடிக்கு மிக அருகிலுள்ள முதல் புரி மட்டுமே சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்க, அடுத்தடுத்த புரிகளுக்குப் பங்கு குறைந்துகொண்டே வந்து, ஆறாவது புரிக்குப் பிறகு பெயரளவுக்கே மிஞ்சுகிறது. ஆகவே முதல் புரி வெட்டுண்டு விழுந்தால் அதன் சுமை முழுவதும் இரண்டாவதன் மேல் ஏறி அதையும் வீழ்த்த, அடுத்தடுத்த புரிகளும் அதே வழியில் போய்விடுகின்றன. மரை போவது படிப்படியாக நிகழாமல், இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று இளகிப்போவதாகக் கைக்குத் தெரிவது இதனால்தான். எஃகுத் துளையில் போல்ட் தன் விட்டத்துக்குச் சமமான ஆழம் இறங்கியிருந்தாலே போதுமென்றால், அலுமினியத்தில் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வேண்டும். கிளச் மூடியில் நீளம் வேறுபட்ட போல்ட்டுகள் இருப்பதும், கவனமுள்ள மெக்கானிக் அவற்றைக் கழற்றிய வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வைப்பதும் இந்தக் காரணம் பற்றியே. நீளமான போல்ட் இருக்க வேண்டிய துளையில் குட்டையானது திருகப்பட்டால், மூன்று நான்கு புரிகள் மட்டுமே முழுச் சுமையையும் ஏற்று, சரியான முறுக்கிலேயே கிழிந்துவிடும்.

எனினும் பெரும்பான்மையான துளைகள் கெடுவது இறுக்கம் மிகுவதால்தான். 15 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியை 20 கிலோ அளவுக்கு இழுப்பது எவருக்கும் கடினமன்று. அதனால் உண்டாவதோ 30 நியூட்டன் மீட்டர், எம்6 போல்ட்டுக்குத் தேவையானதைப் போல மூன்று மடங்கு. மரையில் எண்ணெய் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. உராய்வில் செலவாக வேண்டிய பங்கு குறைவதால் அதே முறுக்கு கூடுதலான இழுவிசையாக மாறுகிறது. எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தலைக்கு அடியிலுள்ள வாஷர் அலுமினியத்தாலோ செம்பாலோ செய்யப்பட்டது. ஒருமுறை நசுங்கிக் கசிவை அடைப்பதே அதன் வேலை என்பதால் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும். சில ரூபாய் விலையுள்ள அந்த வாஷர் மாற்றப்படாதபோது எண்ணெய் துளித்துளியாகக் கசிகிறது. கசிவைக் கண்டவர் போல்ட்டை மேலும் இறுக்குகிறார். அடுத்த முறை கசியும்போது இன்னும் இறுக்குகிறார். இப்படி வாஷர் செய்ய வேண்டிய வேலையை மரையிடம் ஒப்படைப்பதன் முடிவாக ஒருநாள் போல்ட்டைக் கழற்றும்போது, அதன் புரிகளுக்கிடையே கம்பிச்சுருள் போல ஒட்டிக்கொண்டு வெளிவருவது எஞ்சின் கூட்டின் மரையே ஆகும்.

வெப்பமும் ஈரமும் கெடுதலில் தம் பங்கைச் சேர்க்கின்றன. சூடேறும்போது அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைகிறது. சூடான அலுமினியம் மேலும் மென்மையாகவும் இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகே ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்ற அறிவுரையின் அடிப்படை இதுவே. இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும்போது உண்டாகும் மின்வேதி அரிப்பில் கரைவதும் அலுமினியம்தான். நெடுநாள் கழற்றப்படாத போல்ட்டைச் சுற்றிப் பூக்கும் வெண்பொடி அதன் அடையாளம். அத்தகைய போல்ட்டை வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் மரையும் கூடவே வந்துவிடும் அல்லது போல்ட்டின் தலை முறிந்துவிடும். துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, சுற்றுப்புற அலுமினியத்தை மிதமாகச் சூடேற்றி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்துக் கழற்றுவதற்கு ஆகும் நேரம் வீணன்று.

பழுதைச் சீர்செய்யும் முன் அது எந்த அளவினது என்று பார்க்க வேண்டும். சில வேளைகளில் கெட்டிருப்பது போல்ட்டின் மரையாக மட்டுமே இருக்கும். புதிய போல்ட் ஒன்றைக் கையால் திருகிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். போல்ட் கோணலாக நுழைந்து முதல் ஒன்றிரண்டு புரிகள் மட்டும் சிதைந்திருந்தால், டேப் எனப்படும் மரை வெட்டும் கருவியைக் கையால் மெல்ல இறக்கி, இருக்கும் வரியை நேராக்கிக்கொள்ளலாம். இதற்கு உலோகத்தை வெட்டாமல் பழைய தடத்தைச் சீராக்க மட்டும் வடிவமைக்கப்பட்ட டேப்புகள் தனியே உண்டு. வெட்டும் டேப்பைத் தடம் மாறி நுழைத்தால் மிச்சமிருக்கும் மரையும் போய்விடும். துளையின் அடிப்பகுதியில் நல்ல மரை இன்னும் எஞ்சியிருந்து, அதற்குக் கீழே கூடும் தடிமனாக இருந்தால், சற்று நீளமான போல்ட்டைப் போட்டே பிரச்சினையை முடித்துவிடலாம். இவ்வளவு எளிய வழியை எவரும் முதலில் நினைத்துப் பார்ப்பதில்லை.

மரை முழுவதும் போய்விட்ட துளைக்குத்தான் உண்மையான சிகிச்சை தேவைப்படுகிறது. டெஃப்லான் நாடாவைச் சுற்றித் திருகுவதும், இரு களிம்புகளைக் கலந்து பூசும் எபாக்சிப் பசையால் அடைப்பதும் வண்டியை வீடுவரை கொண்டுசேர்க்க உதவலாமே ஒழிய, நூற்றுக்கணக்கான கிலோ எடைக்கு ஒப்பான இழுவிசையை அவை தாங்கா. அடுத்த அளவுப் போல்ட்டுக்கு ஏற்பத் துளையைப் பெரிதாக்கி மரை வெட்டுவது பட்டறைகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். சுற்றியுள்ள உலோகம் தடிமனாக இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் மூடியிலுள்ள துளையையும் பெரிதாக்க வேண்டியிருப்பதும், பத்துப் போல்ட்டுகளுக்கிடையே ஒன்று மட்டும் வேறு அளவில் இருப்பதும், அது மீண்டும் மென்மையான அலுமினியத்திலேயே அமர்ந்திருப்பதும் அதன் குறைகள். நோய்க்குக் காரணமான சேர்க்கை, எஃகும் வெறும் அலுமினியமும், அப்படியே நீடிக்கிறது.

அந்தச் சேர்க்கையையே மாற்றுவதுதான் எஃகுச் சுருள். சாய்சதுரக் குறுக்குவெட்டுக் கொண்ட துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருட்டிச் செய்யப்படும் இதன் வெளிவிளிம்பு துளையின் புதிய மரையில் அமர, உள்விளிம்பு பழைய அளவுப் போல்ட்டுக்கு உரிய மரையாகிவிடுகிறது. ஹெலிகாயில் என்ற வணிகப் பெயராலேயே பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் இதை அறியும். அலுமினியம், மெக்னீசியம் போன்ற இலேசான உலோகங்களை நம்பியிருக்கும் விமானத் துறையில் இது பழுதுபார்க்கும் பொருளாக மட்டுமின்றி, புதிய பாகங்களிலேயே தொடக்கத்தில் பொருத்தப்படும் உறுப்பாகவும் விளங்குகிறது. மோட்டார் சைக்கிளில் அவ்வாறு செய்யாததற்கு விலையே காரணம் என்பதால், மரை போன பிறகு சுருள் போடுவதை ஒட்டுப்போடுவதாகக் கருதுவது சரியன்று. முதலிலேயே செய்திருக்கத்தக்க ஒன்று தாமதமாகச் செய்யப்படுகிறது, அவ்வளவே. எம்6 போல்ட்டுக்கான சுருளின் வெளிமரை ஏறத்தாழ 7.3 மி.மீ. விட்டமுடையது, ஆகவே அலுமினியத்தில் பிடிமானப் பரப்பு முன்பிருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அத்துடன் சுருள் சிறிதளவு வளைந்துகொடுப்பதால் முதல் புரியின் மேல் குவியும் சுமை மற்றப் புரிகளுக்கும் பரவுகிறது. அடிக்கடி கழற்றி மாட்டும்போது உராய்வதும் எஃகோடு எஃகுதான்.

செய்முறையில் முதற்படி துளையைப் பெரிதாக்குவது. எம்6 சுருளுக்கு ஏறத்தாழ 6.3 மி.மீ. டிரில் பிட் பயன்படுகிறது. போல்ட்டின் விட்டத்தைவிட 0.3 மி.மீ. மட்டுமே கூடுதல் என்பதால் வெட்டப்படும் உலோகம் மிகக் குறைவு. ஆனால் துளை செங்குத்தாக அமையாவிட்டால் மூடி போல்ட்டோடு பொருந்தாமல் போகும். பாகத்தைக் கழற்றி டிரில்லிங் மெஷினின் மேசையில் வைத்துத் துளையிடுவது சிறந்தது. வண்டியிலேயே செய்ய நேர்ந்தால், நேராகத் துளையிட்ட ஓர் உலோகக் கட்டையை வழிகாட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும். அடி மூடிய துளையாக இருந்தால் டிரில் பிட்டில் ஆழத்தைக் குறித்துக்கொள்ளாமல் தொடங்குவது ஆபத்து, ஏனெனில் அடிச்சுவரைத் தாண்டினால் எண்ணெய்ப் பாதையோ குளிர்நீர்ப் பாதையோ திறந்துகொள்ளும்.

அடுத்து வருவது சுருளுக்கென்றே உள்ள தனி டேப். இதன் விட்டம் பெரிது, புரியிடைத் தூரமோ பழைய போல்ட்டுடையதே. ஆகையால் கடையில் கிடைக்கும் சாதாரண டேப் எதுவும் இதற்கு மாற்றாகாது. டேப்பை அரைச் சுற்று முன்னோக்கியும் கால் சுற்றுப் பின்னோக்கியும் திருப்பினால் உலோகச் சீவல்கள் முறிந்து விழும். அலுமினியம் டேப்பின் பற்களில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால் மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே வெட்டுவது பழைய, நல்ல வழக்கம். மரை வெட்டியபின் துளையை முற்றிலும் துடைத்துச் சுத்தம் செய்து, சுருளை அதற்குரிய திருகும் கருவியில் மாட்டி உள்ளே செலுத்த வேண்டும். இயல்பு நிலையில் துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் சுருள், அடிமுனையிலுள்ள சிறு நாக்கைப் பிடித்துச் சுழற்றும்போது சுருங்கி உள்ளே இறங்கி, விட்டவுடன் விரிந்து துளையின் சுவரை அழுத்திக்கொள்கிறது. வேறு பூட்டு எதுவும் அதற்குத் தேவையில்லை. சுருளின் மேல்முனை துளையின் விளிம்புக்குக் கால் புரி முதல் அரைப் புரி வரை கீழே நிற்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மூடி சரியாக அமராது, போல்ட்டைக் கழற்றும்போது சுருளும் கூடவே வரும். கடைசியாக, நாக்கை ஒரு சிறு கம்பியால் தட்டி முறித்து அகற்றுவதோடு வேலை முடிகிறது. டிரில், டேப், திருகும் கருவி, சில சுருள்கள் ஆகியவை ஒரே அளவுக்கான தொகுப்பாகவே விற்கப்படுகின்றன.

எண்ணெய் வடிக்கும் துளையில் இதைச் செய்யும்போது, சீவல்கள் எஞ்சினுக்குள் விழுவதுதான் கவலை. சில போல்ட்டுகளின் நுனியில் காந்தம் இருந்தாலும் அது எஃகுத் துகளைப் பிடிக்குமே ஒழிய அலுமினியத்தைப் பிடிக்காது. டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் பூசிக்கொண்டு அடிக்கடி வெளியே எடுத்துத் துடைப்பதும், வேலை முடிந்ததும் சிறிதளவு மலிவான எண்ணெயை மேலிருந்து ஊற்றிக் கீழே வழியவிட்டுக் கழுவுவதும், எண்ணெய் வடிகட்டியைச் சுத்தம் செய்வதும் தவிர்க்க முடியாதவை.

ஸ்பார்க் பிளக் துளை இதைவிட நுணுக்கமானது. 100 சிசி, 125 சிசி வண்டிகள் பலவற்றில் பிளக்கின் மரை 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியிடைத் தூரமும் கொண்டது. அதற்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். பழைய, பெரிய எஞ்சின்களிலுள்ள 14 மி.மீ. பிளக்குக்கோ அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் 25 முதல் 30 வரை வேண்டும். பெரிய பிளக்குக்குப் பழகிய கை சிறிய பிளக்கை இறுக்கும்போது என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. எரிதலின் அழுத்தத்தைத் தாங்குவதும், பிளக்கின் வெப்பத்தை ஹெட்டுக்குக் கடத்துவதும் இந்த மரையும் பிளக் அமரும் இருக்கையும்தான் என்பதால், இங்கே அரைகுறைப் பழுதுநீக்கத்துக்கு இடமில்லை. மேல் புரிகள் மட்டும் கெட்டிருந்தால், மடக்கி உள்ளே நுழைத்து விரித்தபின் அடியிலுள்ள நல்ல மரையைப் பற்றிக்கொண்டு வெளிநோக்கித் திருகப்படும் தலைகீழ் டேப் உதவும். முழுவதும் போயிருந்தால் ஹெட்டைக் கழற்றிச் செய்வதே உத்தமம். சீவலோ முறிந்த நாக்கோ சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறினால், மிச்சப்படுத்திய கூலியைப் போலப் பல மடங்கு செலவாகும்.

இத்தகைய துளைகளுக்குச் சுருளைவிடத் திடமான புஷ் ஏற்றது என்று கருதும் மெக்கானிக்குகள் உண்டு; அக்கருத்தில் நியாயமும் உண்டு. உள்ளும் புறமும் மரை வெட்டப்பட்ட எஃகுக் குழாய்த் துண்டான இது, மேல்முனையில் சிறு விளிம்பு உடையதாக இருப்பதால் உள்ளே நழுவாது. அடிப்புரிகள் விரிந்து சுவரில் இறுகுவதால் கழன்றும் வராது. சுருளைவிடத் தடிமனானது என்பதால் சுற்றிலும் கூடுதல் உலோகம் தேவைப்படுவதும், விலை மிகுதியாக இருப்பதும் இதன் எல்லைகள். ஆலையில் செய்த புஷ் கிடைக்காதபோது லேத் பட்டறையில் அதைக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். துளையைச் சுற்றியுள்ள அலுமினியமே வெடித்தோ உடைந்தோ போயிருந்தால் மட்டும், ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் செய்யப்படும் டிக் வெல்டிங் முறையில் உலோகத்தை நிரப்பி, புதிதாகத் துளையிட்டு மரை வெட்ட வேண்டியிருக்கும்.

சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்களை வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் வடிவமைப்பான அந்த எஞ்சின்களில் அங்குல அளவு மரைகள் பல உள்ளன. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த முறையைப் பின்பற்றியவற்றில் மரையின் கோணம் 55 பாகை; இன்றைய மெட்ரிக் மரையில் அது 60 பாகை. கால் அங்குலத் துளைகளில் ஓர் அங்குலத்துக்கு 26 புரிகள் கொண்ட மரை இவ்வண்டிகளில் வழக்கமானது. அதன் புரியிடைத் தூரம் 0.98 மி.மீ. எம்6 போல்ட்டின் 1 மி.மீ. தூரத்துக்கு இது மிக நெருக்கமாக இருப்பதால், தவறான அந்தப் போல்ட் தடையின்றி உள்ளே இறங்கிவிடுகிறது. விட்டத்தில் 0.35 மி.மீ. குறைவு என்பதால் புரிகள் ஒன்றையொன்று பற்றும் ஆழத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இல்லாமற்போக, இறுக்கும்போது மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். கையில் கிடைத்த போல்ட் இலகுவாக இறங்குகிறது என்பது அது சரியான போல்ட் என்பதற்குச் சான்றாகாது. பற்களுக்கேற்ற தகடுகளைக் கொண்ட மரை அளவியை வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் வேறுபாடு தெரிந்துவிடும். அங்குல மரைகளுக்கான சுருள்களும் கிடைக்கின்றன.

பிரேக் காலிப்பரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், முன் ஆக்ஸிலைக் கவ்வும் போல்ட்டுகள், ஹேண்டில் பாரின் பிடிகள் ஆகியவற்றின் துளைகளிலும் இதே சுருள் இதே வலிமையோடு அமரும் என்றாலும், அங்கே முடிவு எடுக்க வேண்டிய முறை வேறு. கிளச் மூடியில் செய்த வேலை தவறினால் எண்ணெய் கசியும். காலிப்பரில் தவறினால் சக்கரம் நிற்காது. துளை கோணலாகவில்லை என்பதையும், மரை கிழிந்தபோது சுற்றியுள்ள உலோகத்தில் விரிசல் விழவில்லை என்பதையும் உறுதிப்படுத்தத்தக்க கருவியும் கையும் உள்ள இடத்தில்தான் அவற்றைத் தொட வேண்டும். அது இயலாதபோது அந்தப் பாகத்தையே மாற்றிவிட வேண்டும்.